ஓட்டை இல்லாத வீடு

பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வந்து ஒரு மாதம் ஆகிறது. பார்க்க வருகிறவர்கள் இன்னும் நின்றபாடில்லை. ஆளுக்கு அரை டஜன் ஆரஞ்சையும் ஒரு ரொட்டிப் பொட்டலத்தையும் கையில் கொடுத்துவிட்டு, "என்ன ஆச்சு, முதல்லேர்ந்து சொல்லுங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்கிறார்கள். முதலிலிருந்து சொல்லிச் சொல்லியே எனக்கு மறுபடி இளைப்பு வந்துவிடும் போலிருக்கிறது. அதனால் என் மகள் பியூலாவின் பழைய நோட்டில் மிச்சமிருக்கும் பக்கங்களில் எல்லாவற்றையும் எழுதி வைக்கிறேன். இனி யார் வந்தாலும் நோட்டை நீட்டிவிட்டு நான் உலை வைக்கப் போகலாம்.

வியாதி எனக்கு. அதை வாங்கிக் கொடுத்தவர் என் வீட்டுக்காரர். இதை நான் கோபத்தில் சொல்லவில்லை. கோபம் இருந்தது, இப்போது பாதிதான் பாக்கி.

அவர் பெயர் ஆசீர்வாதம். ஆவடியில் ராணுவ வண்டிகள் செய்யும் ஃபாக்டரியில் வேலை. என்ன வேலை என்று சொன்னால் எங்கள் திருநெல்வேலிப் பக்கம் யாரும் நம்பமாட்டார்கள். ஓட்டை கண்டுபிடிக்கிற வேலை. செய்து முடித்த வண்டியை ஒரு கொட்டகைக்குள் நிறுத்தி, நாலு பக்கமும் தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பார்கள். இவர் டார்ச் விளக்கோடு வண்டிக்குள் உட்கார்ந்து எங்கேயாவது ஒரு சொட்டு இறங்குகிறதா என்று பார்ப்பார். இறங்கினால் அந்த இடத்தில் சாக்பீஸால் வட்டம் போடுவார். பதினெட்டு வருஷமாக இதுதான் உத்தியோகம். வீட்டுக்கு வந்தாலும் கண் சும்மா இருக்காது. என் சமையலில், என் பேச்சில், என் தம்பியின் குணத்தில் என்று வட்டம் போட்டுக்கொண்டே இருப்பார்.

போன தீபாவளிக்குப் பிறகு விடாமல் மழை பெய்தது. குவார்ட்டர்ஸைச் சுற்றித் தண்ணீர் நின்று கொசு பெருகிவிட்டது. ஆவடிக் கொசுவைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. ஒருநாள் சாயங்காலம் இவர் கையில் கடிபட்ட இடத்தைச் சொறிந்துகொண்டே எழுந்து நின்றார்.

"ராணி, கொசு எப்பிடி உள்ள வருதுன்னு என்னைக்காவது யோசிச்சுப் பாத்திருக்கியா? ஓட்டை வழியாத்தான் வருது. ஓட்டையை அடைச்சிட்டா அது எங்கெருந்து வரும்?"

பதினெட்டு வருஷ அனுபவம் பேசுகிறது, நான் என்ன சொல்ல?

இரண்டு ஞாயிற்றுக்கிழமை இதே வேலையாக இருந்தார். ஆராதனைக்குக் கோவிலுக்குக்கூட நானும் பியூலாவும்தான் போனோம். ஜன்னல்களுக்கு வெளியே இரண்டடுக்கு பாலிதீன் தாளை இழுத்துக் கட்டி, ஓரமெல்லாம் கண்ணாடிக்குப் பூசுகிற புட்டிப் பசையை வைத்துப் பூசினார். மேலே இருந்த வென்டிலேட்டர்களைப் பலகை வைத்து அடைத்தார். வாசல் கதவுக்கும் பின்கதவுக்கும் அடியில் ரப்பர் பட்டை வைத்தார். சமையலறையில் புகை போக ஒரு சின்ன சதுரம் உண்டு. அதையும் விடவில்லை. எல்லாம் முடிந்ததும் சோதனை. நாங்கள் கிறிஸ்தவர்கள், வீட்டில் ஊதுவத்தி கிடையாது. பக்கத்து வீட்டில் இரண்டு குச்சி கடன் வாங்கி வந்து கொளுத்தி, ஒவ்வொரு இடுக்கிலும் பிடித்துப் பார்த்தார். புகை வளைந்தால் அங்கே ஓட்டை இருக்கிறதாம். நேராக மேலே போனால் இல்லையாம். எங்கே பிடித்தாலும் நேராகத்தான் போனது. ஒவ்வொரு இடத்திலும் "பாஸ்! பாஸ்!" என்று சத்தம் போட்டார். பியூலா பின்னாலேயே போய்க் கைதட்டினாள்.

அடைத்த பிறகுதான் தெரிந்தது, கொசுவில் பாதி ஏற்கனவே உள்ளே இருந்திருக்கிறது. வெளியே போக அதற்கும் வழியில்லை. "மிச்சத்தை உள்ளயே முடிச்சிரலாம்" என்று தினமும் ஆறு மணிக்குக் கொசுவத்திச் சுருளை ஹாலில் ஒன்று, படுக்கையறையில் ஒன்று கொளுத்த ஆரம்பித்தார். மழை நாள் என்பதால் துணியெல்லாம் உள்ளே கொடி கட்டித்தான் காய்ந்தது. கேஸ் சிலிண்டர் பதிவு செய்தால் வருவதற்குள் ஒரு பிரசவம் ஆகிவிடும். அதனால் மாதத்தில் பாதி நாள் மண்ணெண்ணெய்த் திரி ஸ்டவ்தான். இத்தனையும் சேர்ந்து ஒரு வாசனை வந்தது. அது சுத்தமான வீட்டின் வாசனை என்றுதான் நானும் நினைத்தேன்.

வீட்டைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். பார்த்தவர்கள் தங்கள் வீட்டையும் அடைத்துத் தரச் சொன்னார்கள். எட்டு வீடு அடைத்தார், காபிக்கு மேல் ஒன்றும் வாங்கவில்லை. பியூலா படிக்கிற பள்ளிக்கூடத்துக்கும் செய்தி போனது. அவளுடைய எட்டாம் வகுப்பு பி பிரிவு மெயின் ரோட்டை ஒட்டி இருக்கிறது. லாரி போனால் கரும்பலகையில் எழுதியது தூசியில் மறைந்துவிடும். இவர் அந்த அறையையும் ரோட்டுப் பக்கம், மைதானத்துப் பக்கம் இரண்டிலும் ஒரு இடுக்கு விடாமல் அடைத்துக் கொடுத்தார். பெற்றோர் கூட்டத்தில் இவருக்குச் சால்வை போர்த்தினார்கள். அன்றைக்கு இவர் நடந்த நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

முதலில் எனக்கு இருமல் வந்தது. அப்புறம் காலையில் எழுந்ததும் தலைவலி, குமட்டல். இந்த வயதில் இன்னொன்றா என்று எதிர்வீட்டம்மா கண்ணடித்தாள். கிளினிக் டாக்டர் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்து "ஈஸ்னோபீலியா" என்றார். நம் பக்கம் இருமுகிறவர்களில் பாதிப்பேருக்கு அதுதான் பெயர். தயிரை நிறுத்து என்றார்கள், நிறுத்தினேன். வாழைப்பழத்தை நிறுத்தினேன், தலைக்குக் குளிப்பதை நிறுத்தினேன். இன்னும் நிறுத்துவதற்கு மூச்சு ஒன்றுதான் பாக்கி இருந்தது. இவர் தன் பங்குக்கு ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்தார்.

"கதவைத் தொறந்து வச்சிக்கிட்டு எதுத்த வீட்டுல பேசிக்கிட்டு நிக்கேல்லா, அதான். வெளிக்காத்து நேரா நெஞ்சுல அடிக்குது. நீ உள்ளயே இரு."

நான் உள்ளேயே இருந்தேன்.

எனக்கு வந்ததைக்கூட நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பியூலாவுக்கும் இளைப்பு வந்ததுதான் என்னைக் கலக்கியது. பதின்மூன்று வயதுப் பெண், மாடிப்படி ஏறினால் பாதியில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துகிற மாதிரி ஒரு சத்தம். நவம்பரில் பாதி நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. அவள் வகுப்பிலும் இருமல்தான், பெஞ்சுக்கு இரண்டு பேர் வரவில்லை என்று சொன்னாள். சீதோஷ்ணம் சரியில்லை என்று தலைமை ஆசிரியை நினைத்தார்.

இந்த நிலையில் இவர் எஸ்.டி.டி. பூத்துக்குப் போய்ப் பாளையங்கோட்டையில் இருக்கும் அக்காவிடம் பேசினார். ஞானம்மாள் மதினி இவரை வளர்த்து ஆளாக்கியவர். அவர் ஒன்று சொன்னால் இந்த வீட்டில் அது சட்டம். "ஆவடிக் காத்து பிள்ளைக்கு ஒத்துக்கல. எங்கூட அனுப்பு, இங்க நல்ல ஸ்கூலு இருக்கு" என்று முடிவு சொல்லிவிட்டார். புது வருஷம் கழித்து வந்து கூட்டிப்போவதாகத் திரும்புவதற்கு இரண்டு டிக்கெட்டும் ரிசர்வ் செய்தாயிற்று. இவர் பள்ளியில் டி.சி. கேட்டு விண்ணப்பம் எழுதிக் கொடுத்துவிட்டார்.

எனக்கு இருப்பது ஒரே பிள்ளை. அவளை அனுப்பிவிட்டு இந்த அடைத்த வீட்டில் நானும் இவரும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து என்ன செய்வது? வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை. இங்கேயே வைத்திருந்து அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? குளியலறையில் போய் அழுதேன். அழுதால் இருமல், இருமினால் இளைப்பு, அதனால் அழுகையையும் நிறுத்தினேன்.

கிறிஸ்துமஸுக்கு ஐந்து நாள் இருக்கும்போது முந்திரிக்கொத்தும் முறுக்கும் போட உட்கார்ந்தேன். பிள்ளை ஊருக்குப் போகிறாள், ஒரு டப்பா நிறையக் கொடுத்துவிட வேண்டும் என்று கூடுதலாகவே மாவு பிசைந்திருந்தேன். சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, இரண்டு மண்ணெண்ணெய் ஸ்டவ்வும் எரிய, எண்ணெய்ப் புகைக்குள் மூன்று மணி நேரம். நாலாவது ஈடு முறுக்கைப் போட்டது ஞாபகம் இருக்கிறது. அதை எடுத்தது ஞாபகம் இல்லை. காற்றை இழுக்கிறேன், உள்ளே போகமாட்டேன் என்கிறது. உதடு நீலமாகிவிட்டது என்று பியூலா பிற்பாடு சொன்னாள். அவள்தான் ஓடிப்போய் எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, ஆட்டோவில் என்னை ஏற்றிவிட்டு, தானும் இளைத்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். எண்ணெய்ச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு வந்திருக்கிறாள் பாருங்கள், அதுதான் என் பிள்ளை.

ஃபாக்டரி டிஸ்பென்சரியில் ஊசி போட்டு, டவுனில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் நெஞ்சு வார்டுக்கு வண்டியில் அனுப்பினார்கள். அங்கே முகத்தில் ஒரு மூடியை வைத்து, மருந்தை ஆவியாக்கி மூக்குக்குள் அனுப்பினார்கள். கால் மணி நேரத்தில் மூச்சு வந்தது. மூச்சு வருவது எவ்வளவு ருசியான விஷயம் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். வாய்விட்டு அழுதேன். இந்தத் தடவை இருமல் வரவில்லை.

மறுநாள் சோதனைகள் ஆரம்பித்தன. எக்ஸ்ரே எடுத்தார்கள். காலையில் எழுந்ததும் வரும் சளியை மூன்று நாள் டப்பாவில் பிடித்துக் கொடுக்கச் சொன்னார்கள். எதற்கு என்று சிஸ்டரிடம் கேட்டேன். "டி.பி. இருக்கான்னு பாக்கத்தான்" என்று ஊசியைத் தட்டிக்கொண்டே சொன்னார். அந்த மூன்று நாளும் பியூலாவைக் கிட்டே விடவில்லை. அவள் கட்டிலின் கால்மாட்டில் நிற்பாள், அவள் நெஞ்சுக்குள் பூனை கத்துவது தலைமாட்டில் எனக்குக் கேட்கும். மூன்று டப்பாவிலும் ஒன்றும் இல்லை என்று வந்ததும்தான் அவளை இழுத்து அணைத்துக்கொண்டேன்.

பக்கத்துக் கட்டில் கன்னியம்மா. முத்தாபுதுப்பேட்டையில் வீட்டு வாசலில் இட்லிக் கடை போடுகிறவள், விறகடுப்பு. என்னைப் போலவே இளைப்பு. இரண்டு பேருக்கும் தினமும் காலையில் ஒரு குழாயைக் கொடுத்து ஊதச் சொல்வார்கள். மூச்சுக்குழாய் எவ்வளவு திறந்திருக்கிறதோ அவ்வளவு தூரம் அதில் முள் ஏறும். கன்னியம்மா அதைப் போட்டியாக்கிவிட்டாள்.

"யக்கா, இன்னிக்கு எவ்ளோ?"

"இருநூத்தி பத்து."

"எனக்கு இருநூத்தி நாப்பது! நீ இன்னாமே, ஊட்ல சோறே துன்ன மாட்டியா?"

அவள் ஊதும்போது முள்ளை விரலால் மெதுவாகத் தள்ளிவிடுகிறாள் என்பதை நாலாம் நாள்தான் கண்டுபிடித்தேன்.

எங்கள் இரண்டு கட்டிலுக்கும் நடுவில் ஒரு பெரிய ஜன்னல். ஒரு கதவு கழன்று போய் மூடவே முடியாது. மார்கழிக் காற்று நேராக மேலே வந்து விழும். பனி பட்டால் செத்தே போவேன் என்று சிஸ்டரிடம் கெஞ்சினேன். வேறு கட்டில் இல்லை என்றுவிட்டார். போர்வையை இழுத்து மூடிக்கொண்டு சாவுக்குக் காத்திருந்தேன். சாவு வரவில்லை. தலைவலி போய்விட்டது. குமட்டல் போய்விட்டது. ஐந்தாம் நாள் என் முள் இருநூற்றெழுபதைத் தொட்டது. கன்னியம்மா அன்று என்னோடு பேசவில்லை.

பியூலா விஷயத்திலும் ஒன்றைக் கவனித்தேன். கிறிஸ்துமஸ் அன்று காலையிலிருந்து சாயங்காலம் வரை அந்த ஜன்னலோரம் உட்கார்ந்து எனக்கு வேதம் வாசித்தாள். நாலு மணிக்கெல்லாம் அவள் நெஞ்சில் சத்தமே இல்லை. வீட்டுக்குப் போய்விட்டு மறுநாள் வந்தால் மறுபடி கீ கீ என்கிறது. கர்த்தர் பிறந்த நாளுக்கு ஒருநாள் தயவு காட்டினார் என்று எடுத்துக்கொண்டேன். வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை, அதை மறைப்பானேன்.

அதற்கு அடுத்த நாள் இவர் ஒரு துணிப்பையோடு வந்தார். பலகாரம் என்று நினைத்தேன். உள்ளே பாலிதீன் தாளும், ஒரு டப்பா புட்டியும், பட்டாக்கத்தி மாதிரி ஒரு கரண்டியும் இருந்தன.

"என்னங்க இது?"

"பனியில கிடக்கேன்னு பிள்ளை சொன்னா. அரை மணி நேர வேலை."

நான் சொல்லச் சொல்லக் கேட்காமல் ஸ்டூலைப் போட்டு ஏறிவிட்டார். ஜன்னலின் ஒரு பக்கம் புட்டி வைத்து முடிக்கும்போது டாக்டரம்மா ரவுண்ட்ஸ் வந்துவிட்டார். பியூலாவுக்கு அக்கா என்று சொல்லலாம், அவ்வளவு சின்ன வயது.

"யார் சார் நீங்க? அங்க என்ன பண்றீங்க?"

இவர் ஸ்டூலிலிருந்து இறங்கி வணக்கம் சொன்னார். பிறகு யாரும் கேட்காமலே எங்கள் வீட்டுக் கதையை எடுத்தார். என் எக்ஸ்ரே உறையின் பின்பக்கம் வீட்டின் படம் போட்டார். இது ஜன்னல், இது வென்டிலேட்டர், இங்கே ரப்பர். எட்டு வீடு, ஒரு வகுப்பறை, சால்வை உட்பட எல்லாம் சொன்னார். டாக்டரம்மா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரொம்ப சுத்தமான வேலை சார். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். காத்து எந்த வழியா உள்ள வரும்?"

இவர் முகம் மலர்ந்துவிட்டது. பதினெட்டு வருஷமாக யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்த கேள்வி.

"வரவே வராது டாக்டர்! எங்க வேணும்னாலும் ஊதுவத்தி பிடிச்சுப் பாருங்க!"

டாக்டரம்மாவை முந்திக்கொண்டு கன்னியம்மா வாயைத் திறந்தாள்.

"யக்கோவ், உன் ஊட்டுக்காரு உன்னிய ஊறுகா ஜாடில போட்டு மூடி வச்சிகீறாரு!"

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு எங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னார். எனக்கு வந்திருப்பது ஆஸ்துமா. மூச்சுக்குழாயின் உள்சுவர் புகை, பூஞ்சணம், தூசு பட்டு வீங்கிக்கொள்கிறது. குழாய் சுருங்கிவிடுவதால் காற்று விசில் அடித்துக்கொண்டு போகிறது. சிலருக்கு இயல்பிலேயே அந்தக் குழாய் ரோஷக்காரக் குழாய். எனக்கும் என் மகளுக்கும் அப்படி.

"வெளியே லாரிப் புகை டாக்டர், செங்கல் தூசி. உள்ள என்ன இருக்கு? நாங்க மூணு பேருதான்" என்றார் இவர். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"கொசுவத்தி இருக்கு. மண்ணெண்ணெய் ஸ்டவ் இருக்கு. எண்ணெய்ப் புகை இருக்கு. ஈரத்துணியால செவுத்துல பூஞ்சணம் வந்திருக்கும், போய்ப் பாருங்க. ஒரு வாளித் தண்ணியில மூணு பேரும் குளிச்சு, பாத்திரமும் கழுவி, நாளைக்கும் அதே தண்ணியில குளிப்பீங்களா சார்?"

"சே, அதெப்படி?"

"காத்தை அப்படித்தான் வச்சிருக்கீங்க. அந்தக் கிளாஸ்ரூம்ல ஐம்பது பசங்க. ஒரு பையன் இருமினா அது வெளியே போக வழியில்ல, மத்த நாப்பத்தொன்பது பேரும் அதைத்தான் இழுப்பாங்க. உங்க பொண்ணு பகல்ல அங்க இருக்கா, ராத்திரி உங்க வீட்ல இருக்கா. நல்ல காத்து அவளுக்கு எப்ப சார் கிடைக்குது? ரோட்டில நடக்கும்போது மட்டும்தான்."

இவர் புட்டியைச் சுரண்டி எடுத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நம்பவில்லை என்று நடையிலேயே தெரிந்தது.

மறுநாள் பார்வையாளர் நேரத்துக்கு முன்னாலேயே வந்து நின்றார். சவரம் செய்யவில்லை. கண் சிவந்திருந்தது.

"நேத்து ஒரு சுருளை ஹால்ல கொளுத்தினேன். ஆறு மணிக்கு அணைச்சிட்டேன். நாற்காலியைப் போட்டு உக்காந்து பாத்தேன், ராணி. எட்டு மணிக்கும் டியூப்லைட்டைச் சுத்திப் புகை அப்படியே நிக்குது. போக இடமில்லாம நிக்குது. அப்ப உள்ள பியூலா இருமினா. எனக்கு எழுந்திரிக்க முடியல."

அதற்கப்புறம் எழுந்து, எல்லா ஜன்னலிலும் பாலிதீனைக் கிழித்துவிட்டு, பலகைகளைப் பெயர்த்திருக்கிறார். கட்டில் பின்னால் சுவரில் கறுப்பாகப் பூஞ்சணம் இருந்ததாம். விடியும் வரை அதைத் தேய்த்திருக்கிறார். எங்களுக்குக் கல்யாணமான நாளிலிருந்து அவர் தன்மேல் தவறு என்று சொல்லி நான் கேட்டதில்லை. கேட்டால் சந்தோஷமாக இருக்கும் என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். கேட்டபோது சந்தோஷமாக இல்லை. கையைப் பிடித்துக்கொண்டேன்.

டிசம்பர் முடிவதற்குள் என்னை அனுப்பிவிட்டார்கள். இழுக்கிற மருந்து ஒன்றைக் கொடுத்து, அது எப்போதும் கையில் இருக்க வேண்டும் என்றார்கள். கன்னியம்மாவின் வீட்டுக் கூரையில் புகைபோக்கி வைத்துத் தர இவர் வாக்குக் கொடுத்தார். "ஓட்டை போட்ற வேலையா? உனுக்குத் தெரியுமா அண்ணாத்தே?" என்று அவள் கேட்டாள். போன ஞாயிற்றுக்கிழமை போய் வைத்துவிட்டு வந்தார்.

அடைத்த எட்டு வீடுகளுக்கும் இவரே போய் விஷயத்தைச் சொன்னார். ஏழு பேர் பிரிக்க விட்டார்கள், எட்டாவது வீட்டுக்காரர் "கொசு கடிச்சா நீர் வந்து சொறிஞ்சு விடுவீரா?" என்று கதவைச் சாத்திக்கொண்டார். இப்போது எல்லா ஜன்னலுக்கும் கொசுவலைக் கம்பி அடிக்கிற வேலை நடக்கிறது. பள்ளிக்கூடம் திறந்த அன்று, டி.சி. விண்ணப்பத்தைத் திரும்பப் பெற ஒரு கடிதம் எழுதினார். என்னிடம் பிழை திருத்தக் கொடுத்தார். இதுதான் அது:

"மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியை அவர்களுக்கு, எட்டாம் வகுப்பு பி பிரிவு மாணவி ஆ. பியூலாவின் விண்ணப்பத்தில் காரணம் என்ற இடத்தில் ஆவடிக் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று எழுதியிருந்தேன். அது தவறு. ஆவடிக் காற்று அவளிடம் வந்து சேரவே இல்லை. நான் விடவில்லை. வகுப்பறையிலும் நான்தான் தடுத்துவிட்டேன். இன்று மாலை வந்து அடைப்புகளை எடுத்துவிடுகிறேன். சால்வையையும் திருப்பித் தருகிறேன்."

நான் ஒரு பிழையும் திருத்தவில்லை. தலைமை ஆசிரியை சால்வையை வாங்கிக்கொள்ளவில்லை. ரோட்டுப் பக்க ஜன்னல்களை லாரி ஓடும் நேரத்தில் மட்டும் சாத்தி, மைதானத்துப் பக்கத்தை எப்போதும் திறந்து வைப்பது என்றும், கூட்டுவதற்கு முன் தண்ணீர் தெளிப்பது என்றும் முடிவானது.

டி.சி.யை நிறுத்தியாயிற்று, மதினியை நிறுத்த முடியுமா? சொன்ன தேதிக்கு ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கினார். வாசலிலேயே பியூலாவைப் பார்த்து அலறினார்.

"ஏட்டி, என்ன இது உடம்பெல்லாம்? அம்மை போட்டிருக்கா?"

"கொசு அத்தை. ஜன்னலைத் திறந்திருக்கோம்ல. கம்பி இன்னும் நான் படுக்கிற ரூமுக்கு வரல."

"ஜன்னலைத் தொறந்தா? மார்கழியிலயா? ஏல ஆசீர்வாதம், உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?"

இவர் அக்காவுக்கு எதிரில் நின்று, வாளித் தண்ணீரில் தொடங்கி எல்லாவற்றையும் ஒப்பித்தார். மதினி அசையவில்லை. "டாக்டருங்க ஆயிரம் சொல்லுவாவ. நாலு நாளு பிள்ளைய எங்கூடப் படுக்கப் போடு. நெஞ்சுல ஒரு சத்தம் வந்துச்சு, கூட்டிக்கிட்டுப் போயிருவேன். யாரும் குறுக்க பேசப்பிடாது."

அந்த நாலு நாளும் நான் சாப்பிட்ட சாப்பாடு எங்கே போனது என்று தெரியவில்லை. காலையில் மதினி எழுந்து வருவார், நான் அடுப்படியில் அவர் முகத்தையே பார்ப்பேன். அவர் காபியைக் குடித்துவிட்டு ஒன்றும் சொல்லமாட்டார். நாலாம் நாள் காபித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அந்த இன்னொரு டிக்கெட்டுல என் பெட்டியப் படுக்க வச்சிக்கிடுதேன்" என்றார். நான் அவர் காலில் விழாத குறை.

எழும்பூரில் ரயில் ஏற்றிவிட மூன்று பேரும் போனோம். வண்டி நகர ஆரம்பித்த பிறகுதான் மதினியின் தண்ணீர்க் கூஜா பிளாட்பாரப் பெஞ்சில் இருப்பதைப் பார்த்தோம். இவர் எடுத்துக்கொண்டு பத்தடி ஓடி, தொந்தியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். பியூலா அதை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடினாள். "வேண்டாம்டி, ஓடாதே, கூஜா போனா போகுது!" என்று நான் கத்துகிறேன். பையிலிருந்து என் இழுக்கிற மருந்தை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடுகிறேன். அவள் ஒரு பெட்டி, இரண்டு பெட்டி தாண்டி, மதினியின் ஜன்னலைப் பிடித்துக் கூஜாவை உள்ளே திணித்துவிட்டு, பிளாட்பாரத்தின் கடைசியில் போய் நின்றாள்.

நான் போய்ச் சேர்ந்தபோது குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். நான் அவள் முதுகில் காதை வைத்தேன். ஓடிவந்த இதயம் திம் திம் என்று அடித்தது. காற்று உள்ளே போனது, வெளியே வந்தது. வேறு சத்தம் எதுவும் இல்லை. இவரும் மூச்சிரைக்க வந்து, "என்ன கேக்குது, என்ன கேக்குது?" என்று கேட்டுக்கொண்டே மறுபக்கம் காதை வைத்தார். பெட்டி தூக்கும் போர்ட்டர் ஒருவர் நின்று எங்களையே பார்த்தார்.

"அம்மா, எல்லாரும் பாக்குறாங்க. மானம் போகுது. விடுங்க ரெண்டு பேரும்" என்றாள் பியூலா.

நாங்கள் விடவில்லை.